மேசைப்பந்து மட்டையில் கோளாறு பிளேட்டிலா, றப்பரிலா? அறிகுறியைக் கொண்டு கண்டறியும் வழிமுறை

மேசைப்பந்து மட்டையில் பிளேட் (கைப்பிடியோடு கூடிய மரப்பகுதி) முக்கியமா, றப்பர் (அதன் பக்கங்களில் ஒட்டும் உறை) முக்கியமா என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. பந்து எந்த அடியில், எப்படிப் பிழைக்கிறது என்று சொன்னால்தான் எதில் கைவைக்க வேண்டும் என்று சொல்ல முடியும். வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை கொழும்பின் பாடசாலை மண்டபங்களிலும் கழகங்களிலும் நான் காணும் தவறு பெரும்பாலும் ஒரே வகையானது. றப்பர் செயலிழந்திருக்கும்போது பிளேட்டை மாற்றுகிறார்கள். பிளேட் ஆட்டக்காரருக்குப் பொருந்தாதபோது றப்பரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல பிளேட்டும் றப்பரும் நமக்கு இறக்குமதியாகவே கிடைக்கின்றன. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர், இவற்றில் ஒரு தவறான கொள்வனவு பல குடும்பங்களுக்குத் தாங்க முடியாத செலவாகிவிட்டது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னரும், லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரவிருக்கும் உறவினரிடம் சொல்லிவிடுவதற்கு முன்னரும், கீழுள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்து அதற்குரிய சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

சோதனைக்கு அடிப்படை

பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் மேலுள்ள றப்பர் பந்தைப் பற்றுகிறது, அதன் கீழுள்ள ஸ்பொஞ்ச் அமுங்குகிறது, அடி வலுவானதாயின் ஸ்பொஞ்ச் முழுவதும் அமுங்கி மரமும் வளைந்து மீள்கிறது. மெல்லத் தொட்டு விடும் பந்தில் மரத்துக்கு வேலை மிகக் குறைவு. ஓங்கி அடிக்கும் பந்தில் மரத்தின் விறைப்பே பெரும்பங்கு பேசுகிறது. இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: மென்மையான அடிகளில் பிழை தோன்றினால் முதலில் றப்பரைச் சந்தேகியுங்கள், பலமான அடிகளில் மட்டும் தோன்றினால் பிளேட்டைச் சந்தேகியுங்கள். விதிவிலக்குகள் உண்டு. ஆயினும் தொடங்குவதற்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

சுழற்சியைப் பொறுத்தவரை றப்பரின் ஆதிக்கம் ஐயத்துக்கு இடமற்றது. 1952இல் பம்பாயில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்து ஆண்கள் தனிநபர் பட்டத்தை வென்றபோது, அவருடைய எதிராளிகளைத் திணறடித்தது மரமன்று, மரத்தின் மேல் ஒட்டியிருந்த உறையே. பின்னர் 1959இல் ஸ்பொஞ்சுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. இன்று பசையும் சேர்த்து ஸ்பொஞ்ச் றப்பரின் மொத்தத் தடிப்பு 4 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. பிளேட்டுக்கும் விதி உண்டு: அதன் தடிப்பில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஆனால் வாழ்நாளைப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. ஒழுங்காகப் பேணிய பிளேட் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். 1990களில் வெளிவந்த விஸ்காரியா என்ற பிளேட்டை முன்னணி வீரர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். றப்பரோ, பலரும் கணக்கிடுவதுபோல, 80 முதல் 100 மணிநேர ஆட்டத்தில் தன் பிடிப்பைக் கணிசமாக இழந்துவிடுகிறது. எனவே கோளாறு திடீரென்று அல்லது படிப்படியாகப் புதிதாகத் தோன்றியிருந்தால் அது அநேகமாக றப்பரில் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்தால் பிளேட்டைப் பாருங்கள்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளேட்டையும் இரு பக்க றப்பரையும் ஒன்றாக மாற்றியவருக்கு, ஆட்டம் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று தெரியாது. அடுத்த முறையும் மூன்றையும் சேர்த்தே வாங்குவார்.

பந்து வழுக்குகிறது, டொப்ஸ்பின் (மேற்சுழற்சி அடி) வலையில் விழுகிறது, சேர்விஸில் சுழற்சி ஏறவில்லை

இங்கே பிளேட்டை மறந்துவிடுங்கள். பந்து வழுக்குவது மேற்றப்பரின் உராய்வு குறைந்ததால் மட்டுமே. ஆனால் உராய்வு குறைவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பாதிக்குக் காசு செலவில்லை.

முதலில் பந்தைப் பாருங்கள். 2014 முதல் செலுலொயிட் பந்துகளின் இடத்துக்குப் பிளாஸ்டிக் பந்துகள் வந்தன. பெட்டியிலிருந்து எடுத்த புதிய பந்தின் மேல் மெல்லிய தூள் படிந்திருப்பதுண்டு. அந்தத் தூள் றப்பரில் ஒட்டிக்கொண்டால் முதல் சில நிமிடங்கள் எல்லாமே வழுக்கும். பந்தைத் துவாயால் துடைத்துவிட்டு மீண்டும் ஆடிப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். கொழும்பில் இதை முதற்காரணமாகவே கொள்ள வேண்டும். பந்தின் பாதையைக் காற்று குழப்பக்கூடாது என்பதற்காக மின்விசிறிகளை நிறுத்தி, கடற்காற்று வரும் சன்னல்களையும் சாத்திவிட்டு ஆடும் மண்டபத்தில், இருபது பேர் வியர்க்கும்போது றப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகிறது. குளிரூட்டிய அறையிலோ காரிலோ இருந்த மட்டையை நேரே மண்டபத்துக்குள் கொண்டுவந்து உறையைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நமது ஈரக்காற்றில் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். 20 பாகையில் இருந்து வந்த மட்டை அதற்கு விலக்கன்று. சோதனை எளிது. ஆட்காட்டி விரலின் உலர்ந்த பின்புறத்தால் றப்பரின் நடுவைத் தள்ளிப் பாருங்கள். பின்னர் உலர்ந்த பருத்தித் துவாயால் நன்கு துடைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி தள்ளுங்கள். இரண்டாம் முறை பிடிப்புத் திரும்பியிருந்தால் உங்கள் றப்பருக்கு ஒரு குறையும் இல்லை. மட்டையை அதன் உறைக்குள்ளேயே வைத்து, மண்டபத்தின் வெப்பத்துக்குக் கால் மணிநேரமாவது பழகவிட்டு எடுங்கள். புள்ளிகளுக்கிடையே விதி அனுமதிக்கும் துவாய் இடைவேளைகளில் முகத்தோடு மட்டையையும் துடையுங்கள்.

ஈரமும் இல்லையென்றால் அழுக்கு. ஒட்டும் தன்மையுள்ள சீன றப்பர்கள் தூசியை விரைவில் வாங்கிக்கொள்ளும். சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான ஸ்பொஞ்ச் துண்டால் ஒரே திசையில் துடைத்து, முற்றாக உலர்ந்த பின்னர் பாதுகாப்புத் தாளை ஒட்டுங்கள். உலர்வதற்கு முன் தாளை ஒட்டினால் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்ததாகும். சவர்க்காரம், தின்னர், வாசனைத் திரவியம் எதையும் றப்பரின் அருகே கொண்டுவராதீர்கள்.

இவை அனைத்தும் செய்த பின்னரும் வழுக்கினால்தான் றப்பர் முதிர்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வரலாம். அதை உறுதிசெய்ய ஒரு நம்பகமான ஒப்பீடு உண்டு. கைப்பிடிக்கு அருகில், பந்து அரிதாகப் படும் ஓரத்தில் விரலைத் தள்ளுங்கள். பின்னர் பந்து எப்போதும் படும் நடுப்பகுதியில் தள்ளுங்கள். ஓரம் பிடித்து, நடுப்பகுதி மங்கி மினுமினுத்து வழுக்கினால், நடு உராய்வை இழந்துவிட்டது. ஓரமும் வழுக்கினால் றப்பர் வயதாலேயே கெட்டிருக்கிறது. பல ஆண்டுகள் அலுமாரியில் கிடந்த மட்டையை எடுத்து ஆடுபவர்கள் காண்பது இந்த இரண்டாம் வகையை. ஆடாமல் வைத்திருந்தாலும் காற்றும் வெப்பமும் றப்பரைக் கெடுக்கும். இரு நிலைகளிலும் அந்தப் பக்க றப்பரை மட்டும் மாற்றுங்கள். மறுபக்கம் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.

எல்லாப் பந்தும் மேசையைத் தாண்டிப் போகிறது

இந்த அறிகுறியில்தான் பிளேட்டும் றப்பரும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. கொழும்பில் மிகுதியான காசு வீணாவதும் இங்கேதான்.

ஆட்டத்துணையிடம் கீழ்ச்சுழற்சியுள்ள பந்தைச் சீராகத் தரச்சொல்லி, பத்துப் பந்துகளை வலைக்கு அருகே குட்டையாகப் புஷ் செய்யுங்கள், அதாவது மெல்லத் தள்ளிவிடுங்கள். அடுத்து, அவர் மிதமாகத் தரும் டொப்ஸ்பின்களில் பத்தை மட்டையை அசைக்காமல் புளொக் செய்யுங்கள். இறுதியாகப் பத்துப் பந்தை முழுக் கைவீச்சுடன் போர்ஹான்டில் அடியுங்கள். மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள்.

புஷ் மட்டும் எழும்பி நீளமாகப் போனால், காரணம் றப்பரின் துள்ளல். இன்றைய விரைவு றப்பர்களில் ஸ்பொஞ்ச் தொழிற்சாலையிலேயே இழுவிசையுடன் அமைக்கப்படுகிறது. மெல்லத் தொட்டாலும் அது பந்தை எறிந்துவிடும். இதற்குப் புதிய பிளேட் தேவையில்லை. அதே வகை றப்பரை 2.1 மில்லிமீற்றர் ஸ்பொஞ்சுக்குப் பதிலாக 1.8இல் எடுத்தாலே பெரும்பாலானோருக்குப் போதும். அல்லது யசாகாவின் மார்க் ஃபைவ், பட்டர்ஃப்ளையின் ஸ்ரைவர் போன்று 1960களில் உருவாகி இன்றும் பயன்படும், நடத்தையை முன்கூட்டியே சொல்லக்கூடிய றப்பர்களுக்குத் திரும்பலாம். எதிராளியின் சேர்விஸ் மட்டும் உங்கள் மட்டையில் பட்டுப் பக்கவாட்டில் பறந்தால், அதுவும் றப்பர்தான்: பிடிப்பு மிகுந்த றப்பர் எதிராளியின் சுழற்சியையும் அதே அளவுக்கு வாங்கிக்கொள்ளும். அங்கே மட்டையின் கோணத்தைப் பழகுவதே மருந்து. பிடிப்புக் குறைந்த றப்பரை வாங்கினால் உங்கள் சேர்விஸும் சேர்ந்து பலவீனமாகும்.

புஷ் கட்டுப்பாட்டில் இருக்க, புளொக்கும் முழு அடியும் தாண்டிப் போனால் பிளேட்டைப் பாருங்கள். காபன் இழை கலந்த பிளேட்டும், ஏழு அடுக்குத் தடித்த மரமும் விறைப்பானவை. பந்தின் விசையை மரம் வளைந்து உள்வாங்குவதற்குப் பதிலாக அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கைவீச்சு சீராக அமைந்தவருக்கு இது வரம். தரம் 7 அல்லது 8இல் படிக்கும், போர்ஹான்ட் இன்னும் நிலைபெறாத பிள்ளைக்கு இது பெரும் தடை. ஏனெனில் பந்து வெளியே போகக்கூடாது என்ற பயத்தில் பிள்ளை கையை முழுதாக வீசாமல் தட்டிவிடக் கற்றுக்கொள்கிறது, அந்தப் பழக்கம் பிளேட்டை மாற்றிய பின்னரும் நெடுநாள் நீங்குவதில்லை. வெளிநாட்டு உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் மட்டைகளில் இத்தகைய முன்னணி வீரர்களின் பிளேட்டுகள் மிகுதி. இணையத்தில் விலை உயர்ந்ததும் புகழ் மிக்கதும் அதுவே என்பதால் அதை வாங்கி அனுப்புகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பிள்ளையின் ஆட்டத்தை நினைப்பவர் அந்தப் பிளேட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் அலுமாரியில் வைத்திருந்து, இப்போதைக்கு 5.5 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஐந்து அடுக்கு முழுமரப் பிளேட் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டிகாவின் ஒல்ரவுண்ட் கிளாசிக், யசாகாவின் சுவீடன் எக்ஸ்ட்ரா ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. காபன் பிளேட்டை விட இவை மலிவானவையும்கூட.

இந்த இடத்தில் பலர் செய்யும் மாற்றுவழி, விரைவான பிளேட்டை வைத்துக்கொண்டு மெதுவான றப்பரை ஒட்டுவது. புஷ்ஷுக்கு அது உதவும். முழு அடிக்கு உதவாது. பலமான அடியில் மென்மையான, மெல்லிய ஸ்பொஞ்ச் முற்றாக அமுங்கி, பந்து விறைப்பான மரத்தையே போய்த் தாக்குகிறது. எனவே சிக்கலின் வேர் அப்படியே இருக்க, சுழற்சி மட்டும் குறைகிறது. பிளேட்டே காரணமா என்று ஐயம் நீங்காவிட்டால், உங்கள் றப்பர்களை மெதுவாகக் கழற்றி, பாடசாலையில் கிடக்கும் பழைய முழுமரப் பிளேட் ஒன்றில் ஒட்டி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். நீரில் கரைந்த பசையால் ஒட்டிய றப்பரை இவ்வாறு மாற்றி ஒட்டலாம். புறக்கோட்டையிலும் பிற இடங்களிலும் ஒட்டிய நிலையிலேயே கிடைக்கும் மலிவு மட்டைகளில் இது பெரும்பாலும் இயலாது. அவற்றில் றப்பரை உரித்தால் ஸ்பொஞ்ச் கிழிந்து மரத்திலேயே தங்கிவிடும்.

மூன்று வகை அடிகளும் தாண்டிப் போனால் பிளேட், றப்பர் இரண்டுமே உங்கள் நிலைக்கு மிஞ்சியவை. அப்போது பிளேட்டை முதலில் மாற்றுங்கள். றப்பர் எப்படியும் சில மாதங்களில் தேய்ந்து மாற்ற வேண்டியதாகும். பிளேட் தானாக மாறாது.

மட்டையின் ஒரு பகுதியில் மட்டும் பந்து வேறு விதமாக எழுகிறது

ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில் தொட்டும் பந்து சில வேளை செத்து விழுகிறது, சில வேளை துள்ளுகிறது என்றால், றப்பருக்கும் மரத்துக்கும் இடையில் காற்றுக்குமிழி இருக்கலாம். மட்டையைக் கிடையாகப் பிடித்து, பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே பரப்பு முழுவதும் நகர்த்துங்கள். குமிழி உள்ள இடத்தில் ஒலி மாறும், பந்து தாழ்வாக எழும். கட்டைவிரலால் அழுத்தினாலும் அந்த இடம் வேறாக உள்வாங்கும்.

இது பிளேட்டின் குறையுமன்று, றப்பரின் குறையுமன்று. பசை உலர்வதற்கு முன் ஒட்டியதன் விளைவு. நீரில் கரைந்த பசை பூசும்போது வெண்மையாக இருக்கும். முற்றாக உலர்ந்ததும் நிறமற்றதாகும். பசைப் போத்தலில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு நமது காலநிலைக்கு எழுதப்பட்டதன்று. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அதே பசை இரு மடங்கு நேரம் எடுப்பதும் உண்டு. ஆகவே கடிகாரத்தைப் பாராமல் நிறத்தைப் பாருங்கள். ஸ்பொஞ்சிலும் மரத்திலும் மெல்லிய படலமாகப் பூசி, மின்விசிறிக் காற்றில் வைத்து, ஒரு வெண்புள்ளியும் மிஞ்சாத பின்னர், கைப்பிடிப் பக்கத்திலிருந்து தொடங்கி, உருளையான ஒரு போத்தலை உருட்டி ஒட்டுங்கள். அவசரத்தில் வெயிலில் வைப்பதும், முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டுவதும் ஸ்பொஞ்சைச் சுருக்கி ஓரங்களைத் தூக்கிவிடும். குமிழி இருந்தால் ஊசியால் குத்தி அடக்க முயலாமல், கழற்றி, பழைய பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, முதலிலிருந்து ஒட்டுங்கள்.

கையில் அதிர்வு; மட்டையில் வெற்றொலி

இந்த அறிகுறியை ஏறக்குறைய முழுவதும் பிளேட்டுக்கே எழுதலாம். மெல்லிய ஐந்து அடுக்குப் பிளேட் இயல்பாகவே கொஞ்சம் அதிரும். அந்த அதிர்விலிருந்தே கை பந்தை உணர்கிறது, அது குறையன்று. நேற்றுவரை இல்லாத அதிர்வு இன்று வந்திருந்தால்தான் கவலை. காதருகே மட்டையைப் பிடித்து, விரல் மூட்டால் கைப்பிடியிலிருந்து நுனிவரை தட்டுங்கள். ஒலி ஓரிடத்தில் உடைந்து கரகரத்தால் மர அடுக்குகள் அங்கே பிரிந்திருக்கின்றன. கைப்பிடியின் இரு பக்கத் துண்டுகளை எதிர்த்திசைகளில் மெல்லத் திருகிப் பாருங்கள். சிறு அசைவு இருந்தாலும் பசை விட்டிருக்கிறது. இரண்டுமே மேசை விளிம்பில் மட்டை மோதியதாலோ, மழையில் நனைந்த பையில் பல நாள் கிடந்ததாலோ வருபவை. கைப்பிடியை மரவேலைப் பசையால் ஒட்டி, இறுகக் கட்டி, ஒருநாள் விட்டால் பெரும்பாலும் சரியாகும். விளிம்பில் சிறிதளவு பிரிந்திருந்தாலும் அவ்வாறே ஒட்டி, விளிம்பு நாடா சுற்றலாம். நடுப்பகுதி பிரிந்திருந்தால் அந்தப் பிளேட்டின் காலம் முடிந்தது.

தூரத்திலிருந்து அடித்தால் பந்து வலையைக்கூட எட்டுவதில்லை

மேசைக்கு அருகில் நன்றாக ஆடி, இரண்டு மீற்றர் பின்வாங்கியதும் பந்து சோர்ந்து விழுந்தால், றப்பரின் வயதை முதலில் கேளுங்கள். மேற்றப்பர் பிடிப்போடு இருக்கும்போதே ஸ்பொஞ்ச் மட்டும் தன் மீள்திறனை இழப்பதுண்டு. பல மாதங்கள் பழகிய றப்பர் என்றால் புதிய றப்பர் ஒட்டிய நண்பரின் மட்டையால் அதே தூரத்தில் அடித்துப் பாருங்கள்.

றப்பர் புதிதாக இருந்தும் பந்து சோர்ந்தால், ஸ்பொஞ்சின் கடினத்தைப் பாருங்கள். கடினமான ஸ்பொஞ்ச் வேகமான கைவீச்சில் மட்டுமே அமுங்கி வேலை செய்யும். மெதுவாக வீசுபவருக்கு அது பலகைபோல் இருக்கும். பொதியில் உள்ள எண்ணை நம்பி ஏமாறுவது இங்கே எளிது. சீன நிறுவனங்களின் 39 பாகை, ஜேர்மன் தொழிற்சாலைகளின் 45 பாகையை விட மென்மையானது என்று எண்ணி வாங்குகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், உண்மையில் அந்தச் சீன ஸ்பொஞ்சே கடினமானது. சீன முன்னணி வீரர்களின் போர்ஹான்ட் றப்பரை வாங்கிவிட்டு, பந்து போகவில்லை என்று பிளேட்டைக் காபனுக்கு மாற்றுபவர்களுக்கு, நடுத்தரக் கடினமுள்ள றப்பர் ஒன்றே தீர்வாக இருந்திருக்கும்.

மூத்த ஆட்டக்காரர் சிலர், ஆவியாகும் கரைப்பான் கலந்த பசையை ஆட்டத்துக்கு முன் பூசினால் றப்பர் உயிர்பெறும் என்று இன்னும் சொல்வதுண்டு. அவர்கள் ஆடிய காலத்தில் அது உண்மை. சுகாதாரக் காரணங்களால் அப்பசை 2008இல் தடைசெய்யப்பட்டது. இப்போது எண்ணெய் வடிவில் கிடைக்கும் ஊக்கிகளும் விதிக்கு மாறானவை; றப்பரை வாங்கிய நிலையிலேயே, எந்த வேதிப் பூச்சும் இன்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதி.

புதிய, நடுத்தர றப்பரோடும் பந்து சோர்ந்தால், அப்போது பிளேட் உங்களுக்கு மெதுவானது. இந்த முடிவுக்கு வருபவர் மிகச் சிலரே. வந்தால், நேரே காபனுக்குத் தாவாமல், ஐந்து அடுக்கிலேயே வெளியடுக்கு கடினமான மரத்தாலான பிளேட்டை முயன்று பாருங்கள்.

ஸ்பொஞ்ச் இல்லாத நீண்ட பிம்பிள்ஸில் புளொக் நிற்பதில்லை

நீண்ட பிம்பிள்ஸ் என்பது பரப்பில் நீண்ட முளைகள் வெளிநோக்கி நிற்கும் றப்பர். மென்மையான அடியில் றப்பரைச் சந்தேகிக்கச் சொன்ன விதி இதற்குத் தலைகீழாகும். பந்துக்கும் மரத்துக்கும் இடையில் ஸ்பொஞ்ச் இல்லாததால், மெல்லிய தொடுகையிலும் மரமே நேரே பேசுகிறது. விறைப்பான பிளேட்டில் இத்தகைய றப்பரை ஒட்டிப் பந்து நீளமாகப் போனால், வேறு வேறு பிம்பிள்ஸ் வாங்கிப் பார்ப்பதில் பயனில்லை. பிளேட்டை மெதுவாக்குங்கள், அல்லது மெல்லிய ஸ்பொஞ்ச் உள்ள பிம்பிள்ஸைப் பயன்படுத்துங்கள்.

மணிக்கட்டு வலிக்கிறது, பாக்ஹான்ட் பிந்துகிறது

சமையலறைத் தராசில் மட்டையை நிறுத்துப் பாருங்கள். பிளேட் 85 கிராம், வெட்டி ஒட்டிய றப்பர் ஒவ்வொன்றும் 45 முதல் 50 கிராம் என்றால் மட்டை 175 முதல் 185 கிராம் வரை வரும். வளர்ந்தவருக்கு இது வழமையான எடை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மிகுதி. மேலும், கடினமான ஸ்பொஞ்சின் எடை முழுவதும் மட்டையின் தலைப்பகுதியில் சேர்வதால், தராசு காட்டுவதை விட அதிகமாகவே மணிக்கட்டு உணரும். பாக்ஹான்ட் பக்கம் இலகுவான, 1.8 மில்லிமீற்றர் றப்பரை ஒட்டுவதே முதல் மாற்றம். பிளேட்டின் எடையைக் குறைக்க அதைத் தேய்ப்பதும் துளையிடுவதும் கூடாது. எடையைச் சரிசெய்து சில வாரங்களாகியும் வலி நீங்காவிட்டால், மட்டையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

றப்பரைக் கழற்றும்போது மரமும் சேர்ந்து வருகிறது

வெளியடுக்கு மென்மையான மரமாக இருந்து, பாதுகாப்புப் பூச்சும் இல்லாவிட்டால் இது நடக்கும். கழற்றும்போது றப்பரைச் செங்குத்தாக இழுக்காமல், மரத்தின் பரப்பை ஒட்டியவாறே, இழையின் திசையில், மெதுவாக உருட்டி எடுங்கள். சிம்பு எழத் தொடங்கினால் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். எழுந்த சிம்பை மரவேலைப் பசையால் ஒட்டி உலரவிட்டு, மிக மென்மையான மணல்தாளால் ஒருமுறை தடவி, நீரில் கரையும் வார்னிஷை மிக மெல்லிய ஒரே படலமாகப் பூசுங்கள். ஈரக்காற்றை மரம் உறிஞ்சுவதையும் அது ஓரளவு தடுக்கும். தடிப்பாகப் பூசினால் பிளேட் விறைத்து அதன் உணர்வு மாறும். ஆகவே பூச்சு குறைவாக இருப்பதே நன்று.

போட்டியில் நடுவர் மட்டையை ஏற்கவில்லை

பெரும்பாலும் றப்பர்தான் காரணம். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் அதிலிருந்து தெளிவாக வேறுபடும் ஒளிர்நிறமாகவும் இருக்க வேண்டும். 2021 ஒக்டோபர் முதல் சிவப்போடு இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகியவையும் அனுமதிக்கப்பட்டுள்ளன. சம்மேளனத்தின் அங்கீகாரக் குறியும் எண்ணும் கைப்பிடிக்கு அருகே தெரியுமாறு றப்பரை ஒட்ட வேண்டும். வெட்டும்போது அந்தப் பகுதியை அறியாமல் வெட்டி எறிந்துவிட்டவர்கள் நல்ல றப்பரையும் போட்டியில் பயன்படுத்த முடியாமல் நிற்கிறார்கள். ஓரம் கிழிந்திருத்தல், றப்பர் பிளேட்டின் விளிம்பைத் தாண்டி நீண்டிருத்தல், பரப்பு குமிழ்த்திருத்தல் ஆகியவற்றையும் நடுவர் பார்ப்பார். பாடசாலைப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்புவதாயின் இவற்றைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னரே பாருங்கள். றப்பரை மாற்ற வேண்டி வந்தாலும், புதிய றப்பரின் துள்ளலுக்கும் எழும் கோணத்துக்கும் கை பழகுவதற்கு அந்த நாட்கள் தேவைப்படும்.